லாலாங் முதல் அணிப்புல் வரை: ரவாங் வட்டாரத்துப் புல்லின் வரலாறு

தாவர உலகைத் தொல்காப்பியர் இரு பெரும் பிரிவாகக் கண்டார். வயிரம் புறத்தே அமைந்தவற்றைப் புல் என்றும், அகத்தே அமைந்தவற்றை மரம் என்றும் வழங்குதல் மரபு என்பது மரபியலில் அவர் தரும் செய்தி. அவ்வரையறையின்படி தெங்கும் பனையும் கமுகும் மூங்கிலும் புல்லின் பாற்படும். இக்காலப் பயிர்நூலாரும் இந்நான்கினையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்னும் ஒரே பிரிவில் வைத்துள்ளமை நோக்கத்தக்கது. புல்லைப் பொருட்படுத்தி, அதற்கு இலக்கணம் வகுத்த மொழி தமிழ்.

ஆயினும் அதே மொழியில் புல் என்னும் சொல் இழிவுக்கும் இடந்தந்தது. புன்மை, புல்லியர், புல்லறிவு முதலான சொற்கள் சிறுமையைக் குறிப்பன. மற்றொரு புறம், மணமக்களை வாழ்த்தும் முதியோர் ஆலமரத்தோடு அறுகம்புல்லையும் உவமை காட்டுவர். விநாயகர் வழிபாட்டில் மலரினும் அறுகுக்கு முதன்மை உண்டு. ஆக, புல் உயர்ந்ததா தாழ்ந்ததா என்பது புல்லைப் பொறுத்ததன்று. அது நிற்கும் இடத்தையும், அதனை நோக்கும் கண்ணையும் பொறுத்தது. இவ்வுண்மைக்குச் சிலாங்கூர் மாநிலத்து ரவாங் வட்டாரத்தின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று காண்பது அரிது. இங்கே நூறாண்டுகளுக்கும் மேலாக ஒரு புல்லை அழிப்பதற்கென்றே ஆயிரக்கணக்கான தமிழர் கூலி பெற்றனர். இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் குடியிருக்கும் வீடமைப்புப் பகுதிகளில், அழகுக்காகவே புல்லைத் தொட்டியில் வைத்துப் போற்றும் வழக்கம் பரவி வருகிறது.

ஈயம் தோண்டிய மண்ணில்

கோலாலம்பூருக்கு வடக்கே அமைந்த ரவாங், ஈயத்தால் பிறந்த ஊர். சிங்கப்பூரில் 1850ஆம் ஆண்டு பிறந்து, சிலாங்கூருக்கு அரசு எழுத்தராக வந்து, பின்னர்ப் பெருஞ்செல்வராக உயர்ந்த கா. தம்புசாமிப் பிள்ளையும், சீனப் பெருவணிகர் லோக் இயூவும் இங்கே கூட்டாகச் சுரங்கம் நடத்தினர். 1894ஆம் ஆண்டில் அவர்கள் தம் சுரங்க வேலைக்கென மின்னாக்கியை நிறுவினர். மலேசியாவில் மின்சாரம் பயன்பட்டதற்குக் கிடைக்கும் முதற் பதிவு இதுவே என்பர். பத்துமலைக் கோயிலோடும் கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலோடும் இணைத்துப் பேசப்பெறும் தம்புசாமியார், ரவாங்கின் பொருளியல் வரலாற்றிலும் இடம்பெறுகின்றார்.

சுரங்கம் செல்வம் தந்தது. ஆனால் மண்ணைப் பாழாக்கிற்று. ஈயமணலைப் பிரிப்பதற்காக மேல்மண் முழுவதும் கழுவப்பட்டது. எஞ்சியவை இரண்டு: வெயிலில் கொதிக்கும் வெறும் மணற்பரப்பு ஒன்று, நீர் வடியாத சேற்றுக்களி மற்றொன்று. தோண்டிய குழிகள் நீர் நிறைந்து ஏரிகளாயின. ரவாங்கை அடுத்த குண்டாங்கில் உள்ள நீல ஏரி அத்தகைய பழஞ்சுரங்கக் குழியே.

காடு அழிந்து, வெயில் நேரே விழும் நிலத்தில் முதலில் குடிபுகுந்த புற்களுள் தலையாயது லாலாங். மலாய் மொழிப் பெயராகிய இதனைத் தோட்டப்புறத் தமிழர் லாலாங், லாலான் என்று தம் நாவுக்கேற்ப வழங்கினர். பயிர்நூலார் இதற்கு இட்ட பெயர் இம்பெராட்டா சிலிண்டிரிக்கா. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் நேப்பிள்சு நகரில் வாழ்ந்த பெராந்தே இம்பெராத்தோ என்னும் மருந்தாளரின் நினைவாக இப்புல்லினம் அப்பெயர் பெற்றது. வெண்பட்டுப் போன்ற இதன் பூங்கதிரினின்று விதைகள் காற்றில் நெடுந்தொலைவு பறந்து செல்லும். ஆயினும் இதன் உண்மையான ஆற்றல் மண்ணுக்குக் கீழே உள்ளது. ஊசிமுனை போன்ற நுனியுடைய வெண்மையான கிழங்குத்தண்டுகள் மண்ணுக்குள் நாற்புறமும் ஊடுருவுகின்றன. மேலே தீ வைத்தால் இலை எரியும், தண்டு எரியாது. தீக்குப் பின்னர்ப் புதுத்தளிர் முன்னிலும் செழிப்பாக எழும். துண்டு துண்டாக வெட்டினாலும் ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாகும்.

உறுதியில்லாத மனிதனைக் காற்றில் சாயும் லாலாங்குக்கு ஒப்பிடுவது மலாய்ப் பழமொழி. அவ்வுவமை இலையை மட்டும் கண்டு சொன்னது. வேரைக் கண்டவர் அதனை உறுதியற்றது என்னார். 1987ஆம் ஆண்டு அக்டோபரில் மலேசிய அரசு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கைது செய்த நடவடிக்கைக்கும் லாலாங் என்றே பெயர் வழங்கிற்று. வேண்டாதது என்று கருதப்படும் எதற்கும் பெயராகும் அளவுக்கு இப்புல் இந்நாட்டில் களைகளின் தலைமையிடத்தைப் பெற்றுவிட்டது.

வேள்விப் புல்லும் வேண்டாப் புல்லும்

இங்கே தமிழ் வாசகர் அறியத்தக்க செய்தி ஒன்றுண்டு. தருப்பை என்னும் பெயர் தமிழகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட புற்களுக்கு வழங்குகிறது. வட இந்தியாவில் குசம் எனப்படும் புல் ஒன்று. மற்றொன்று, மலாயாவில் லாலாங் எனப்பட்ட அதே இம்பெராட்டாவாகும். கோயில் குடமுழுக்கில் கலசத்தின்மேல் வைக்கப்படுவதும், சடங்கு செய்வோர் விரலில் பவித்திரமாக அணிவதும், நீத்தார் கடனில் பரப்பப்படுவதும் தருப்பையே. காலையில் எந்தப் புல்லை வேரோடு பெயர்த்தெறிய வேண்டும் என்று மண்டோர் ஆணையிட்டாரோ, அந்தப் புல்லின் இனமே தோட்டத்துக் கோயிலின் திருவிழாவில் தூய்மையின் சின்னமாக நின்றது.

சீனரிடையே இப்புல்லுக்கு வேறொரு மதிப்புண்டு. இதன் கிழங்குத்தண்டை உலர்த்தி மருந்தாகப் பயன்படுத்துவது அவர்களின் பழைய மருத்துவ மரபு. கரும்பையும் இத்தண்டையும் சேர்த்துக் காய்ச்சிய பானம் உடற்சூட்டைத் தணிக்கும் என்று கோலாலம்பூர்ச் சீனக் கடைகளில் இன்றும் விற்கப்படுகிறது. பாலித் தீவில் இப்புல் கூரை வேயப் பயன்படுகிறது. ஒரே புல் தமிழர்க்குச் சடங்குப் பொருள், சீனர்க்கு மருந்து, பாலித் தீவினர்க்குக் கூரை, இரப்பர்த் தோட்ட முதலாளிக்கு மட்டும் பகை.

புல்லோடு நடந்த போர்

இரப்பர் கன்றுகள் 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்தன. அங்குப் பூங்காத் தலைவராயிருந்த ரிட்லி, மரத்துக்கு ஊறு நேராமல் பால் எடுக்கும் முறையைக் கண்டு, இப்பயிரை ஊக்கினார். சிலாங்கூரில் காப்பி பயிரிட்டோர் 1890களின் இறுதியில் இரப்பருக்கு மாறத் தொடங்கினர். ரவாங், செரண்டா, குவாங் ஆகிய ஊர்களைச் சூழ்ந்து இரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன.

அத்துரைமார் பலர் இலங்கைக் காப்பித் தோட்டங்களின் பழக்கத்தை உடன்கொண்டு வந்தனர். மரத்தைத் தவிர நிலத்தில் ஒரு பச்சை இலையும் தெரியக்கூடாது என்பது அப்பழக்கம். தூய களையெடுப்பு என்று அதற்குப் பெயர். நன்கு நடத்தப்படும் தோட்டம் என்பதற்கு அடையாளம் துடைத்து வைத்தாற் போன்ற வெறுந்தரை என அவர்கள் நம்பினர். அந்நம்பிக்கையின் சுமை தென்னிந்தியத் தொழிலாளரின் முதுகில் ஏறிற்று.

1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதிச் சட்டம் வந்தது. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிக்கப்பட்டது. கங்காணி முறை 1938 வரை ஆள் சேர்த்தது. விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, ஆண்களிற் பெரும்பாலோர் பால்வெட்டுக்கும், பெண்களும் முதியோரும் வளரிளம் பிள்ளைகளும் களையெடுப்புக்கும் பிரிக்கப்படுவது பல தோட்டங்களின் வழக்கம். சங்கூல் என்னும் மலாய் மண்வெட்டியால் ஓரடிக்கும் மேல் ஆழமாக மண்ணைப் புரட்டி, லாலாங்கின் கிழங்குத்தண்டுகளைக் கையால் பொறுக்கி, மண்ணை உதறி, குவித்து, உலர்த்தி எரிப்பார்கள். விட்ட துண்டு ஒன்றே போதும். சில வாரங்களில் அவ்விடம் மீண்டும் பச்சையாகும். மீண்டும் அதே ஆட்கள் அதே இடத்துக்கு அனுப்பப்படுவர். 1928ஆம் ஆண்டில் முதன்மையான வட்டாரங்களுக்கு வரையறுத்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. குனிந்த முதுகோடு நாள்முழுதும் புல் பெயர்த்த பெண்ணுக்கு அக்குறைந்த கூலியே உரியதாயிற்று.

இப்போரில் வென்றது யார்? தோட்ட முதலாளி வென்றதாக முதலில் தோன்றிற்று. ஆனால் மலேசிய மழை அவ்வெற்றியைப் பொய்யாக்கியது. கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மேட்டு நிலத்தில் புல்லின் பிடியை இழந்த மேல்மண், ஒவ்வொரு பெருமழையிலும் கரைந்து ஆற்றுக்குச் சென்றது. மரத்தின் வேர் வெளியே தெரிந்தது, ஆறுகள் தூர்ந்தன. புல்லை அழித்தவர்கள் தம் நிலத்தையே அழித்துக்கொண்டிருந்தனர் என்பதை உணர ஒரு தலைமுறைக் காலம் பிடித்தது.

நிழல் கற்பித்த பாடம்

மலாயா இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925இல் அமைக்கப்பெற்றது. ரவாங்குக்குத் தெற்கே சுங்கைபூலோவில் அதன் ஆய்வுப் பண்ணை பரந்திருந்தது. அக்கழகத்தின் மண்ணியல் அறிஞர் ஹெயின்சு, 1934ஆம் ஆண்டில் இயற்கைக் கீழ்வளர்ச்சியின் பயனையும் கட்டுப்பாட்டையும் பற்றிக் கையேடு ஒன்று வெளியிட்டார். தரையில் வளரும் எல்லாமே பகை அன்று. கேடு செய்வதை நீக்கி, நன்மை செய்வதை விட்டுவைப்பதே அறிவுடைமை என்னும் கருத்து அக்காலத்தில் வலுப்பெற்றது. களை என்னும் ஒரே சொல்லால் எல்லாவற்றையும் சுட்டிய வழக்கம் அப்போது மாறத் தொடங்கிற்று.

லாலாங்கை வெல்ல வழி சங்கூலில் இல்லை. நிழலில் உள்ளது என்பது பட்டறிவால் தெளிந்தது. இப்புல் வெயிலையே உணவாகக் கொண்டது. கதிரொளி முழுதும் விழும் நிலத்தில் இதனை வெல்வது கடினம். நிழல் படர்ந்தால் இது தானே மெலிந்து மறையும். எனவே, பயறு வகையைச் சேர்ந்த கொடிகள் மரங்களுக்கிடையே விதைக்கப்பட்டன. கலப்பகோனியம், சென்ட்ரோசீமா, புவேரேரியா என்பன அவற்றுள் முதன்மையானவை. இக்கொடிகள் தரையைப் போர்வைபோல் மூடி ஒளியை மறைத்தன. வேர்முடிச்சுகளால் காற்றின் நைட்ரசனை மண்ணில் சேர்த்தன. மழையின் அடியைத் தாங்கின. இரப்பர் மரங்கள் வளர்ந்து கிளைகள் ஒன்றோடொன்று கூடியபின், லாலாங் தானாகவே ஓய்ந்தது.

இவ்வறிவு ஆய்வுக்கூடத்தில் மட்டும் பிறந்ததன்று. எந்தப் புல் எந்த நிழலில் சாகும், எந்த மழைக்குப்பின் எது முளைக்கும், எதனை மாடு தின்னும், எது கையைக் கிழிக்கும் என்பனவெல்லாம் நாள்தோறும் மண்ணில் குனிந்து நின்றோர் அறிந்தவை. அவர்தம் அறிவு கையேடுகளில் ஏறவில்லை.

நஞ்சு வந்த கதை

கொடி படர்வதற்குக் காலம் வேண்டும். அதற்குப் பொறுமையற்ற இடங்களில் வேதிப்பொருள்கள் நுழைந்தன. முதலில் வந்தது ஆர்செனிக்கு கலந்த சோடியம் ஆர்சனைட்டு. அது புல்லைக் கொன்றது. மேய்ந்த மாட்டையும் கொல்ல வல்லது. தெளித்தவர் உடலுக்கும் நஞ்சு. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் தொழிலாளர் பலர் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டபோது, பேணுவாரற்ற தோட்டங்களில் புதரும் லாலாங்கும் மண்டின. போருக்குப்பின் அவற்றை மீட்கும் முயற்சியில் மருந்தடிப்பு மேலும் பரவிற்று. புதுப்புது மருந்துகள் பின்னர் வந்தன. 1960களில் பாரகுவாட்டும், 1970களில் கிளைபோசேட்டும் தோட்டங்களை அடைந்தன.

மருந்தடித்தபின் எஞ்சிய லாலாங் தளிர்களைத் தனித்தனியே ஒழிக்க ஒரு முறை இருந்தது. துணியை எண்ணெயிலோ மருந்திலோ நனைத்து, ஒவ்வோர் இலையையும் கையால் அடியிலிருந்து நுனிவரை தடவிச் செல்வது அது. லாலாங் துடைத்தல் என்பது அவ்வேலையின் பெயர். குழந்தையின் முகம் துடைப்பதுபோல் ஒரு புல்லிதழைத் துடைத்து அதனைக் கொல்லும் இவ்வேலை, ஏக்கர் ஏக்கராக நடந்தது.

முதுகில் மருந்துக்கலம் சுமந்து தெளிக்கும் வேலையில் பெரும்பாலும் பெண்களே இருந்தனர். அவருள் தமிழ்ப் பெண்கள் மிகுதி. நகம் கருத்து உதிர்தல், மூக்கில் குருதி வடிதல், தோல் வெந்துபோதல், கண் எரிதல் ஆகியவை பாரகுவாட்டைக் கையாள்வோர்க்கு நேரும் கேடுகள் என மருத்துவர் குறிப்பர். ஐரீன் பெர்னாண்டசு 1991இல் தொடங்கிய தெனாகனித்தா என்னும் மகளிர் அமைப்பு, தோட்டங்களில் பூச்சிமருந்து நஞ்சேறுதலைப் பற்றி ஓர் ஆய்வறிக்கையை 2002ஆம் ஆண்டில் வெளியிட்டது. அவ்வாண்டிலேயே மலேசிய அரசு பாரகுவாட்டைத் தடைசெய்ய முடிவெடுத்தது. 2006இல் அம்முடிவு தளர்த்தப்பட்டது. இறுதியாக 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தடை நடைமுறைக்கு வந்தது. அறிக்கைக்கும் தடைக்கும் இடையே கழிந்தவை ஏறத்தாழ 18 ஆண்டுகள். லாலாங்கின் வரலாற்றை எழுதுவோர் இப்பெண்களின் உடல்நலத்தையும் அதன் செலவுக் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

புல் பூங்காவுள் புகுந்தது

மலாயாத் தோட்டங்களில் இப்போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, உலகின் வேறொரு மூலையில் புல்லுக்குப் புதுமதிப்புப் பிறந்தது. ஜெர்மனியின் போட்சுடாம் நகரில் நாற்றுப்பண்ணை நடத்திய கார்ல் பொயர்சுட்டர் என்பவர், புற்களும் பெரணிகளும் பூந்தோட்டத்துள் நுழைவதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அது வெளிவந்த ஆண்டு 1957. மலாயா விடுதலை பெற்ற ஆண்டும் அதுவே. மலரின் நிறத்தை மட்டும் தேடிய தோட்டக்கலைக்கு, புல்லின் அசைவையும் கதிரொளி அதன்மேல் விளையாடுவதையும் காட்டித் தந்தவருள் அவர் முன்னோடி. நியூயார்க்கு நகரில் கைவிடப்பட்ட உயர்தள ரயில் பாதையில் தானாக வளர்ந்திருந்த புற்களின் அழகைப் பின்பற்றி, டச்சு நாட்டு வடிவமைப்பாளர் பீட் ஔடால்பு அங்கே நடவு செய்தார். 2009இல் அப்பூங்கா திறக்கப்பட்டது. கைவிட்ட நிலத்தில் புல் வளர்வது கேடு என்னும் எண்ணம், அது கலை என்னும் எண்ணமாக மாறிற்று.

இம்மாற்றத்தில் லாலாங்குக்கும் பங்கு கிடைத்தது. ஜப்பானியர் இதன் செந்நிற வகையொன்றைத் தோட்டங்களில் வளர்த்தனர். குருதிச் சிவப்பேறிய நுனிகளையுடைய அவ்வகையை மேலைநாட்டு நாற்றுப்பண்ணைகள் உயர்ந்த விலைக்கு விற்றன. ஆனால் வேரின் இயல்பு மாறவில்லை. சிவந்த செடி சிற்சில வேளை பச்சைக்குத் திரும்பும். திரும்பியது பழைய வேகத்தோடு பரவும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக்கு 1912ஆம் ஆண்டளவில் ஜப்பானியக் கிச்சிலிப்பழக் கன்றுகளைப் பொதிந்த வைக்கோலாக வந்திறங்கிய சாதாரண லாலாங், தென்மாநிலங்களில் பரவி, அந்நாட்டுக் கேடுசெய் களைப் பட்டியலில் இடம்பெற்றது. ஆகவே அதன் சிவந்த வகையின் விற்பனையையும் சில மாநிலங்கள் தடுத்துள்ளன. அணியும் களையும் ஒரே வேரில் இருக்கலாம் என்பதற்கு இது சான்று.

மற்றொரு புல்லின் கதை தமிழுக்குப் பெருமை தருவது. வெட்டிவேர் என்னும் தமிழ்ச்சொல்லே உலகமொழிகள் பலவற்றில் அப்புல்லின் பெயராக வழங்குகிறது. நறுமணத்துக்காகவும் விசிறிக்காகவும் தமிழர் அறிந்த இதன் வேர், மண்ணுக்குள் பக்கவாட்டில் பரவாமல் மூன்று மீட்டர்வரை செங்குத்தாக இறங்குவது. சரிவு நிலத்தில் வரிசையாக நட்டால் மண்ணரிப்பைத் தடுக்கும். சுங்கைபூலோ ஆய்வுப் பண்ணையை உடைய இரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பி.கே. யூன், மலேசியாவில் வெட்டிவேரின் இயல்பைப் பற்றிய முதல் அறிக்கையை 1991இல் வெளியிட்டார். புல்லை அகற்றியதால் மண் கரைந்த நாட்டில், மண்ணைக் காக்கப் புல்லையே அழைக்க வேண்டியதாயிற்று.

சுங்கைபூலோவுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அங்கே 1930ஆம் ஆண்டில் தொழுநோயாளர்க்கெனப் பெருங்குடியிருப்பு ஒன்று அமைக்கப்பட்டது. உலகம் ஒதுக்கி வைத்த அம்மக்கள், தம் வீட்டைச் சூழ்ந்த நிலத்தில் பூச்செடி வளர்த்து விற்று வாழ்வைத் தேடிக்கொண்டனர். கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் செடி வாங்கச் செல்லும் பெயர்பெற்ற நாற்றுப்பண்ணைகள் அவ்வாறு வளர்ந்தவையே. ஒதுக்கப்பட்டோர் கையிலிருந்து ஊர்முழுவதற்கும் அழகு சென்றது.

வெயில் முற்றத்துக்கு ஏற்ற முறை

1995இல் கோலாலம்பூரிலிருந்து மின்தொடர் வண்டி ரவாங்கை எட்டியது. இரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்து வீடுகளில் வாழ்ந்தோர் பலர் மாடி வீடுகளுக்கும் வரிசை வீடுகளுக்கும் பெயர்ந்தனர். நிழல் தந்த மரம் போய், சிமெந்து முற்றத்தில் வெயில் நேரே விழுந்தது. அத்தகைய முற்றத்தில் அணிப்புல் வளர்க்க விரும்புவோர்க்குத் தோட்டப்புற வரலாறே சிறந்த ஆசான்.

முதற்கண் அறியவேண்டியது வேரின் இயல்பு. புற்களுள் ஓடுவன என்றும் குத்தாக நிற்பன என்றும் இருவகை உண்டு. லாலாங்கும் அறுகும் ஓடுவன. வெட்டிவேரும், கறிக்கு மணமூட்டும் சிரையும், கம்பின் இனத்தைச் சேர்ந்த செந்நிற அணிப்புல்லும் குத்தாக நிற்பன. ஓடும் இனத்தை அழகுக்காக வைப்போர் அடியிலும் பக்கத்திலும் தடுப்புள்ள தொட்டியில் மட்டுமே வைத்தல் வேண்டும். நீர் வடியும் துளை வழியே தண்டு வெளியேறுகிறதா என்று அவ்வப்போது பார்த்தல் நலம். தரையில் நடுவதற்குக் குத்துப்புல்லே தக்கது.

இரண்டாவது ஒளி. நாளொன்றுக்கு ஆறு மணிநேரமேனும் நேர்வெயில் கிடைக்கும் இடம் வேண்டும். நிழல் லாலாங்கை வென்றதுபோலவே அணிப்புல்லையும் வெல்லும். நிழலில் இலை நீண்டு சாயும், கதிர் குறையும், நிறம் மங்கும்.

மூன்றாவது மண். ரவாங் வட்டாரத்தின் பல மனைகள் பழைய சுரங்க மணலின்மேலோ சேற்றுக்களியின்மேலோ அமைந்தவை. மணலாயின் மக்கிய இலையுரம் கலந்து ஈரத்தை நிறுத்த வேண்டும். களியாயின் மண்ணை மேடாக்கி நீர் வடியச் செய்ய வேண்டும். உரத்தை மிகுத்து இடுதல் தவறு. கொழுத்த புல் நிமிர்ந்து நில்லாது. நட்ட சில வாரங்கள் காலையில் நீர் ஊற்றினால் போதும். வேர் பிடித்தபின் மழையே பெரும்பாலும் காக்கும். நெருக்கி நடாமல், முழுவளர்ச்சியில் செடி எவ்வளவு அகலுமோ அவ்வளவு இடைவெளி விட்டால் காற்று புகும், நோயும் குறையும்.

நான்காவது அரிதல். குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் புல் காய்ந்து, இளவேனிலுக்குமுன் ஒருமுறை அரியப்படும். மலேசியாவில் அக்காலப் பிரிவு இல்லை; ஆண்டு முழுவதும் புல் வளர்ந்துகொண்டே இருக்கும். எனவே நாள்காட்டியைப் பாராமல் செடியைப் பார்த்தல் வேண்டும். இலைகளில் பாதிக்குமேல் வைக்கோல் நிறம் ஏறினால், குத்தைக் கயிற்றால் சேர்த்துக் கட்டி, தரைக்குமேல் ஒரு சாண் விட்டு அரியலாம். இலையின் ஓரத்தில் மணற்சத்து உள்ளமையால் அது கையைக் கிழிக்கும், கையுறை வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளில் குத்தின் நடுப்பகுதி காய்ந்து வெறுமையாகும். அப்போது முழுவதும் தோண்டியெடுத்து, இளமையான வெளிப்பகுதிகளைப் பிரித்து நட்டால் புதுவாழ்வு பெறும். விதையால் பரவக்கூடிய வகையாயின் கதிர் முற்றுமுன் கொய்துவிடுதல் அண்டை நிலத்தார்க்குச் செய்யும் கடமை.

களைக்கொல்லியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டுவதில்லை. வீட்டு முற்றத்தின் அளவுக்குக் கைக்கொத்தும் சருகு மூடாக்கும் போதும். தரையை வெறுமையாக விட்டால்தான் வேண்டாத புல் வரும்; மூடிய தரையில் அதற்கு வெயில் கிட்டாது. தோட்டங்கள் பல்லாண்டு இழப்பின்பின் கற்ற பாடம் இது.

புல் சொல்லும் வரலாறு

கோலாலம்பூர் ஏரிப்பூங்காவின் வரலாற்றில், 1888ஆம் ஆண்டில் அதனை அமைக்கத் திட்டமிட்ட அரசு நிதியதிகாரி ஆல்பிரட் வென்னிங்கின் பெயர் நிற்கிறது. ஆய்வுக் கழகங்களின் வரலாற்றில் அறிஞர் பெயர்கள் நிற்கின்றன. அவை நிற்கத் தக்கவையே. ஆயினும், ரவாங்கிலும் செரண்டாவிலும் குவாங்கிலும் புல்லைப் பெயர்த்தவர், துடைத்தவர், மருந்து சுமந்தவர் ஆகியோர் பெயர் எங்கும் நிற்கவில்லை. இந்நாட்டின் தோட்டக்கலை வரலாறு அழகாக நட்டவர் வரலாறு மட்டுமன்று. நடுவதற்கு நிலத்தைத் திருத்தித் தந்தவர் வரலாறும் ஆகும்.

தோட்டப்புறத்தில் வாழ்ந்த பாட்டிமார் சிலர் இன்றும் ரவாங்கின் வரிசை வீடுகளில் இருக்கின்றனர். பேரன் தொட்டியில் வைத்த புல்லைக் கண்டு அவர்கள் நகைத்தால் அந்நகைப்பில் பொருள் உண்டு. அது ஓடும் புல்லா குத்துப்புல்லா என்பதை நூல் பாராமலே அவர்களால் சொல்ல முடியும். பள்ளிகளில் மரபியல் கற்பிக்கும் ஆசிரியர்கள், புல்லுக்கும் மரத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கும்போது, மாணவரை அவர்தம் பாட்டியிடம் அனுப்பி லாலாங்கைப் பற்றிக் கேட்டுவரச் செய்யலாம். அவர்கள் கொண்டுவரும் விடைகள், ஏட்டில் எழுதப்படாத ஒரு வரலாற்றின் முதற்பக்கமாக அமையும்.